அக்கா மகள் ஓபரா பாடப் போகிறேன் என்கிறாள், இது பிழைப்புக்கு ஆகுமா?

குழித்துறைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகள் நாகர்கோவிலில் பி.காம் கடைசி வருடம். சின்ன வயதிலிருந்தே சபைப் பாடகர் குழுவில் சோப்ரானோ, அதாவது பெண்களில் உச்சக் குரல். டிரினிட்டி என்ற லண்டன் இசைத் தேர்வில் எட்டாம் கிரேடும் முடித்துவிட்டாள். பேங்க் தேர்வு எழுது என்றால், ஜெர்மனிக்குப் போய் ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய இசை நாடகம், படிக்கிறேன், கூடவே கன்டெம்பரரி மியூசிக் என்ற இந்தக் காலத்துப் புது இசையும் பாடுவேன் என்கிறாள். அந்த இரண்டாவது சங்கதியை யூடியூபில் போட்டுக் காட்டினாள். ஒரு அம்மா சிரிக்கிறார், இருமுகிறார், முணுமுணுக்கிறார், நடுவில் அரை வரி பாடுகிறார். அடுக்களையில் நின்ற அக்கா யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடி வந்தாள்.

கேலி செய்ய எழுதவில்லை. பிள்ளைக்குக் குரல் உண்டு, அது எனக்குத் தெரியும். அவளுக்கென்று அக்கா சேர்த்த நகையும் கொஞ்சம் ரப்பர் விளையும் (தோட்டமும்) இருக்கிறது. அதில் கை வைக்கலாமா என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. இந்தத் தொழிலில் ஒருவர் எப்படிச் சம்பாதிக்கிறார், எத்தனை வயதுவரை ஓடும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முட்டம் காற்று:
ஓபராவில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பிஸே என்ற பிரெஞ்சுக்காரர் 1863-இல் போட்ட 'முத்துக்குளிப்போர்'. கதை நடப்பது இலங்கைக் கரையில். கடலுக்குப் போனவர்களுக்குப் புயல் வராமல் இருக்க ஒரு பூசாரிப் பெண் முக்காடு போட்டுக்கொண்டு பாறைமேல் நின்று பாடுவாள். முதலில் கதையை மெக்சிகோவில் வைக்கத்தான் நினைத்தார்களாம், அப்புறம் இலங்கைக்கு மாற்றிவிட்டார்கள். கடலைப் பார்த்து எழுதிய கதையாகத் தெரியவில்லை. ஆனால் அதில் இரண்டு ஆண்கள் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று வரும், அதைக் கேட்டுவிட்டு யாராலும் கேலி பேச முடியாது. பிள்ளை பாடட்டும் அண்ணே.

கோட்டாற்றுக் கச்சேரி:
தம்பி, நான் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் மண்ணில் இசைக்கு என்ன குறை? பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குமாரகோவில் முருகனும் ஆண்டுதோறும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளி, அங்கே ஒன்பது நாள் கச்சேரி நடக்கிறது. கர்நாடக சங்கீதம் என்றால் இங்கேயே குரு உண்டு, மேடை உண்டு, கேட்க ஆளும் உண்டு. ஐரோப்பியப் பிள்ளைகள் நாலு வயதில் தொடங்கும் ஒன்றை இவள் இருபதில் போய்ப் பிடிக்க முடியுமா?

டெனர் தாத்தா:
கச்சேரி ஐயா, அந்த நவராத்திரி மண்டபத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாறசாலை பொன்னம்மாள்தான் முதல். கேட்க ஆள் இருந்தாலும் மேடை எல்லாருக்கும் திறந்து கிடந்ததில்லை.

அப்புறம், இவள் இருபதில் தொடங்கவில்லை. இந்த மாவட்டத்தில் மிஷனரிகள் காலம் தொட்டு நாலு குரலில் பாடுகிறோம். மைலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி வந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. கோடு போட்டு எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாத விவசாயிகள்கூட டோ ரே மீ என்று எழுதும் டோனிக் சோல்ஃபாவைப் பார்த்து ஆல்டோ, பேஸ் என்று அவரவர் குரல் பகுதியைப் பிடித்த ஊர் இது. பக்கத்தில் நிற்கிறவன் வேறு சுரம் பாட, தன் சுரத்தை விடாமல் பிடிக்கிற காது எளிதில் வராது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பாடகர் குழுவில் குரல் தனித்துத் தெரிந்தால் மாஸ்டர் திட்டுவார். ஓபராவில் தனித்துத் தெரியாவிட்டால் வேலையே இல்லை. குழுவில் நல்ல பிள்ளை என்பது மட்டும் போதாது.

ஸ்பீக்கர் பாக்ஸ்:
நான் கருங்கல் பக்கம் மைக்செட் தொழில். கொடை, கன்வென்ஷன், கல்யாணம் எல்லாம் போவேன். ஓபராவில் மைக் இல்லை என்கிறார்கள், எழுபது வாத்தியம் முன்னால் இருக்கும்போது ஒற்றை ஆள் குரல் கடைசி வரிசைக்கு எப்படிப் போகும்? எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள் என்றுதான் என் சந்தேகம்.

வேளிமலை:
ஒளித்து வைக்கவில்லை. பெரிய ஓபரா அரங்குகளில் இன்றும் குரலுக்கு மைக் இல்லாமல் பாடுவதுதான் வழக்கம்.

முதலில் என்னைப் பற்றி. தக்கலைப் பக்கம் பிறந்தவள், சோப்ரானோவுக்கு ஒரு படி கீழான மெஸ்ஸோ சோப்ரானோ குரல். ஜெர்மனியில் ஒரு நகர தியேட்டரில் சில வருடம் நிரந்தரக் குழுவில் இருந்தேன். இப்போது தனியாக, பெரும்பாலும் கன்டெம்பரரி பாடுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

ஸ்பீக்கர் அண்ணன் கேட்டதற்குப் பதில். ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் வாசிக்கும்போது அதன் ஒலி 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் கனமாக இருக்கும், மேலே போகப் போக இறங்கிவிடும். பயிற்சி பெற்ற ஆண் குரலில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு எழும்பும். குரல்வளைக்கு மேலே உள்ள குழாய்ப் பகுதியை அமைக்கிற விதத்தில் அது வருகிறது. சுவீடனில் யோஹான் சுண்ட்பெரி 1970-களில் இதை அளந்து விளக்கினார். ஆர்கெஸ்ட்ரா இல்லாத சந்தில் குரல் நுழைந்து போய்விடுகிறது, அவ்வளவுதான். நீங்கள் ஈக்வலைசரில் திருகுவதை இவர்கள் தொண்டையில் செய்கிறார்கள். உச்சத்தில் பாடும் சோப்ரானோவுக்கு வழி வேறு: தாடையை இறக்கி, வாயின் அதிர்வைப் பாடுகிற சுரத்தோடு சேர்த்துவிடுவார்கள். அதனால்தான் உச்சத்தில் வார்த்தை புரியாது. உங்கள் அக்கா மகள் உச்சரிப்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம்.

நம் ஊரிலும் இது இருந்ததுதான். செங்கோட்டை கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் காலத்து நாடகக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். மைக் வந்தபின் அந்தக் குரல்கள் தேவைப்படாமல் போயின.

கோட்டாற்றுக் கச்சேரி:
கிட்டப்பா பெயரைச் சொன்னதும் வாயடைத்துவிட்டேன் அம்மா. கேட்கிறேன், சொல்லுங்கள். பாடும் சுருதி, அந்தக் கட்டை விஷயம் எப்படி?

வேளிமலை:
அங்கேதான் ஐயா பெரிய வித்தியாசம். நம் கச்சேரியில் பாடகர் தனக்குத் தோதான சுருதியைத் தானே வைத்துக்கொள்வார். ஒரே கீர்த்தனையை அவர் ஒரு கட்டையில் பாடலாம், இவர் ஐந்து கட்டையில் பாடலாம். ஓபராவில் எழுதிவைத்த சுரத்தில்தான் பாட வேண்டும். மொஸார்ட் 1791-இல் 'மேஜிக் ஃப்ளூட்'டில் இரவு ராணி பாத்திரத்துக்கு உச்ச எஃப் என்ற மிக உயர்ந்த சுரத்தை எழுதிவைத்துவிட்டார். அது தொண்டையில் இல்லாதவருக்கு அந்தப் பாத்திரமே இல்லை. என்ன பாடுவேன் என்பதை உடம்புதான் முடிவு செய்யும், ஆசைக்கு அதில் பங்கு குறைவு. ஜெர்மன் தியேட்டர்களில் வேலைக்கு எடுப்பதே குரல் வகை பார்த்துத்தான். லிரிக் சோப்ரானோ என்ற லேசான குரலை வாக்னரின் கனமான ஓபராக்களைப் பாடச் சொல்லி இழுத்தால் சில வருடத்தில் குரல் ஆட்டம் கண்டுவிடும். கனமான குரல்கள் முப்பதைத் தாண்டித்தான் பக்குவப்படும். லேசான குரல்கள் இருபத்தைந்திலேயே மேடைக்குத் தயாராகலாம், ஆனால் போட்டியும் அங்கேதான் அதிகம். சோப்ரானோ என்றால் வரிசை நீளம் என்று தெரிந்தே வரட்டும்.

குழித்துறைக்காரன்:
அக்கா, வேலை எப்படிக் கிடைக்கும், சம்பளம் என்ன, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். எங்கள் அக்காவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

வேளிமலை:
வாசித்துக் காட்டுங்கள், எதையும் மறைக்கவில்லை.

ஜெர்மனியில் அரசும் நகராட்சிகளும் பணம் கொடுத்து நடத்தும் ஓபரா தியேட்டர்கள் எண்பதுக்கும் மேல் உண்டு. உலகத்தில் வேறெங்கும் இப்படி இல்லை, எல்லாரும் அங்கே போய் மொய்ப்பது அதனால்தான். படிப்பு முடிந்ததும் சிலர் தியேட்டர்களோடு இணைந்த ஓபரா ஸ்டூடியோவில் ஒன்றிரண்டு வருடம் குறைந்த பணத்தில் சின்ன வேஷம் பாடுவார்கள். அதற்கு வயது வரம்பு உண்டு, பெரும்பாலும் முப்பதை ஒட்டி. அப்புறம் ஆடிஷன். ஐந்து ஏரியா, அதாவது ஓபராவில் வரும் தனிப்பாட்டு, தயாராக வைத்திருக்க வேண்டும். முதல் பாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், இரண்டாவதை அவர்கள் கேட்பார்கள். இரண்டாவது கேட்காமல் நன்றி சொன்னால் ரயிலுக்குக் கிளம்ப வேண்டியதுதான். டிக்கெட், தங்கும் செலவு நம் கையிலிருந்து. ஏஜென்ட் கிடைக்காதவர்களுக்கு அரசு வேலைவாய்ப்புத் துறையிலேயே கலைஞர்களுக்கென ஒரு பிரிவு இருக்கிறது, அதற்குக் கமிஷன் கிடையாது.

வேலை கிடைத்தால் மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் உண்டு. மேடைக் கலைஞர்களின் குறைந்தபட்சச் சம்பளத்தை 2023 தொடக்கத்தில் 2,715 யூரோவாக்கினார்கள். வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை அது. வாடகை போனால் பெரிதாக மிஞ்சாது, ஆனால் பட்டினி இல்லை. இன்று மொஸார்ட், நாளை ஓபரெட்டா என்ற லேசான இசை நாடகம், மறுநாள் காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கு நாடகம். நட்சத்திரம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு முதல் சீசனிலேயே தெளிந்துவிடும்.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஓரிரண்டு வருடத்துக்கு. அடுத்த சீசனுக்கு வேண்டாம் என்றால் அக்டோபர் 31-க்குள் தியேட்டர் சொல்லியாக வேண்டும். அந்த மாதம் வந்தாலே கேன்டீனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். பதினைந்து வருடம் தாண்டிவிட்டால் எளிதில் அனுப்ப முடியாது என்று விதி. அதனாலேயே பதினைந்து நெருங்கும்போது அனுப்பிவிடுகிற தியேட்டர்களும் உண்டு, நாற்பது வயதில் தெருவில் நிற்பார்கள். நான் இருந்த இடத்தில் புது இயக்குநர் வந்தார், தன் ஆட்களோடு வந்தார், எங்களில் பலருக்குக் கடிதம் வந்தது. பாட்டில் குறை என்று அதில் ஒரு சொல் இல்லை.

நிம்மதி வேண்டும் என்றால் ஓபரா கோரஸ், அதாவது மேடையில் கூட்டமாகப் பாடும் குழு. அங்கேயும் ஆடிஷன் கடினம்தான், ஆனால் வேலை நிற்கும், நேரம் வரையறை உண்டு. நம் ஊர்ப் பாடகர் குழுவில் வளர்ந்த காதுக்கு அது பொருந்தும். அதைத் தோற்றவர்கள் போகிற இடம் என்று சிலர் பேசுவார்கள், எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

முட்டம் காற்று:
தனியாகப் பாடினால்?

வேளிமலை:
பல இடங்களில் மேடை ஏறினால்தான் பணம். ஆறு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு, முதல் காட்சியன்று சளி பிடித்தால் வேறு ஆள் பாடுவார், பணமும் அவருக்கு. 2020-இல் தியேட்டர்கள் அடைத்தபோது தனியாக இருந்த பல பாடகர்கள் வேறு வேலைக்குப் போனார்கள்.

டெனர் தாத்தா:
கடலுக்குப் போகாத நாளில் கூலி இல்லை. முட்டம் தம்பிக்குப் புரிந்திருக்கும்.

குழித்துறைக்காரன்:
வாசித்துக் காட்டினேன். "கோரஸ்" என்ற இடத்தில் மட்டும் அக்கா தலையசைத்தாள். சரி, அந்தச் சிரிக்கிற இருமுகிற பாட்டு என்ன? அதற்கும் சம்பளமா?

வேளிமலை:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெரியோ என்ற இசையமைப்பாளரின் 'செக்வென்ஸா 3'. இத்தாலியர், 1965-இல் எழுதியது. கேத்தி பெர்பெரியன் என்ற பாடகிக்காகவே எழுதினார். ஒரு மனுஷியின் வாய் என்னென்ன செய்யுமோ அதையெல்லாம் நொட்டேஷனில் எழுதிவைத்திருக்கிறார். சிரிப்புக்கும் இருமலுக்கும் இடம் குறித்திருக்கிறது, நினைத்தபோது சிரிக்க முடியாது. எட்டு நிமிடத்துக்கும் குறைவு, கற்க மாதங்கள்.

இந்த வழி 1912-இலேயே தொடங்கிவிட்டது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷேன்பெர்க்கின் 'பியேரோ லுனேர்' பெர்லினில் அரங்கேறியது. பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே ஒரு குரல். சுரத்தைத் தொட்டதும் விட்டுவிட வேண்டும். கேட்டால் நம் நாடகத்து வசன நடை நினைவுக்கு வரும். அவரிடம் கேட்டு அதை எழுதவைத்தவரும் ஒரு நடிகைதான். 1925-இல் பெர்க்கின் 'வோட்செக்', 1978-இல் லிகெட்டியின் 'லெ கிராண்ட் மக்காப்ர்', 2012-இல் ஜார்ஜ் பெஞ்சமினின் 'ரிட்டன் ஆன் ஸ்கின்' என்று இந்த வழி ஓபராக்களின் வரிசை நீளும். கடைசியாகச் சொன்னதில் நாயகியாகப் பாடிய பார்பரா ஹானிகன் எண்பதுக்கும் மேற்பட்ட புதுப் படைப்புகளை முதன்முதலில் பாடியவர், பாடிக்கொண்டே ஆர்கெஸ்ட்ராவையும் நடத்துவார். பிள்ளை அவரைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

இதில் கஷ்டம் என்னவென்றால் பிடிமானம் இல்லை. நமக்கு ஸா உண்டு, சோல்ஃபாவில் டோ உண்டு. இங்கே எதுவும் ஒலித்துக்கொண்டிருக்காது. வயலின் எங்கோ கீச்சிடும், அதிலிருந்து உன் சுரத்தைக் கண்டுபிடித்துக்கொள் என்பார்கள். சிலர் இசைக்கவையைக் கையிலேயே வைத்திருப்பார்கள். அதைத் தட்டிக் காதருகே வைத்துக்கொண்டு அடுத்த சுரத்தை எடுப்பதை மேடையிலேயே பார்க்கலாம்.

நம் ஆட்களுக்கு இரண்டு விஷயம் கைகொடுக்கும். ஒன்று, கால் சுரத்தைவிட நுணுக்கமான அசைவுகள் நமக்குப் புதிதில்லை. இன்னொன்று லயம். ஐந்துக்குள் ஏழு, ஏழுக்குள் மூன்று என்று எழுதியிருப்பார்கள். தகதகிட தகதிமி சொல்லத் தெரிந்தவருக்கு அது பயமில்லை. ஆம்ஸ்டர்டாம் கன்சர்வேட்டரியில் தற்கால இசைக்காரர்களுக்கு நம் லயக் கணக்கையே பாடமாக வைத்திருக்கிறார்கள். கச்சேரி ஐயா இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்.

பணம்: ஒரு புதுப் படைப்பைக் கற்க மூன்று மாதம், பாடுவது ஒரு தடவை. பல படைப்புகள் அதோடு அலமாரிக்குப் போய்விடும். ஆனால் பாடுகிறவர்கள் குறைவு, நன்றாகப் படிக்கத் தெரிந்த ஆளுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். இசையமைப்பாளர் உயிரோடு இருப்பார், இந்தச் சுரம் எனக்கு ஆகாது என்று போனில் சொன்னால் மாற்றியும் தருவார். மொஸார்ட்டிடம் அது நடக்காது. உச்ச எஃப் இல்லாதவருக்கும் இங்கே இடம் உண்டு. என் குரலுக்கு வாசல் திறந்தது இந்தப் பக்கம்தான்.

கோட்டாற்றுக் கச்சேரி:
சந்தோஷம்தான். ஒரு கேள்வி. இந்தியாவிலிருந்து போய் யாராவது பெயர் எடுத்திருக்கிறார்களா?

வேளிமலை:
பம்பாயில் பிறந்த பட்ரிசியா ரொசாரியோ. லண்டன் கில்டால் இசைக் கல்லூரியில் படித்தவர். ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் டாவனர் அவர் குரலை மனதில் வைத்து நிறைய எழுதினார், 1992-இல் வந்த 'மேரி ஆஃப் ஈஜிப்ட்' ஓபராவில் அவர்தான் தலைப்புப் பாத்திரம். அவருக்கும் புது இசைதான் பெரிய வாசல். இந்தியாவுக்கு வந்து இளம் பாடகர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். இங்கேயே என்றால் சென்னையில் ரகுமானின் கே.எம். கன்சர்வேட்டரி 2008-லிருந்து இருக்கிறது. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-லிருந்து பாடிக்கொண்டிருக்கிறது. நேரே ஜெர்மனிக்குத் தாவாமல் சென்னையில் ஒரு வருடம் போட்டுப் பார்ப்பது எனக்குப் புத்தியாகப் படுகிறது.

முட்டம் காற்று:
நம் ஆட்களைப் பற்றி நல்லதாக ஒரு ஓபராவும் இல்லையா? பாறைமேல் நிற்கும் பூசாரியைத் தவிர?

வேளிமலை:
பிலிப் கிளாஸின் 'சத்யாகிரகா', 1980-இல் ராட்டர்டாமில் அரங்கேறியது. காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்த காலம். காந்திக்கு டெனர் என்ற உயர்ந்த ஆண் குரல், தாத்தாவுக்குப் பிடிக்கும். பாடல் முழுவதும் பகவத் கீதை சமஸ்கிருதம். கடைசி அங்கம் 1913 நியூகாசில் நடைப்பயணம். அன்று நடந்தவர்களில் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள் ஏராளம். மேடையில் ஒரு தமிழ்ச் சொல்கூட வராது, அது எனக்கு உறுத்தல்தான். அதை நம் கன்னியாகுமரி காந்தி மண்டபத்துப் பக்கம் ஒருநாள் போட வேண்டும் என்பது என் ஆசை. யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்காதீர்கள்.

பி.காம் சோப்ரானோ:
மாமா இந்த இழையை எனக்கு அனுப்பிவிட்டார். எல்லாருக்கும் நன்றி. வேளிமலை அக்கா, ஹானிகன் விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். நுழைவுத் தேர்வுக்கு செக்வென்ஸா பாடலாமா? அப்புறம் உண்மையில் எவ்வளவு பணம் ஆகும்?

வேளிமலை:
பாடாதே மக்களே. நுழைவுத் தேர்வில் அவர்கள் பார்ப்பது குரலை வளர்க்க முடியுமா என்பதை. ஒரு மொஸார்ட் ஏரியா, பமீனா பாத்திரமோ சுசானாவோ பாடுவது. ஒரு ஷூபர்ட் பாட்டு ஜெர்மனில், உச்சரிப்பு சுத்தமாக. ஒரு இத்தாலியப் பாட்டு, ஒரு பிரெஞ்சுப் பாட்டு. இருபதாம் நூற்றாண்டுக்கு ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரேக்ஸ் பிராக்ரஸ்' ஆன் பாத்திரத்து ஏரியாவைப் பார், ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆனால் இப்போதே தொண்டைக்குப் பாரமாக இருந்தால் விட்டுவிடு. புது இசைக்கு டார்ம்ஸ்டாட் கோடைப் பயிற்சி 1946-லிருந்து நடக்கிறது, இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதற்கு அப்புறம் போகலாம்.

பணம்: அரசு இசைக் கல்லூரிகளில் பல மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ, ஸ்டுட்கார்ட், ஃப்ரைபுர்க் எல்லாம் அதில் வரும். விசாவுக்குக் கணக்கில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் உயர்த்தினார்கள், பத்து லட்சத்துக்கு மேல். அது உன் பணம்தான், மாதாமாதம் எடுத்துச் செலவு செய்யலாம். பாட்டைவிட ஜெர்மன் மொழியில்தான் நம் பிள்ளைகள் தவறுகிறார்கள். இன்றைக்கே வகுப்பில் சேர்.

குழித்துறைக்காரன்:
அக்காவின் தீர்ப்பு: விளையைத் தொட வேண்டாம். ஜெர்மன் வகுப்புக்குப் பணம் தருவாள், சென்னையில் ஒரு வருடம் என்றால் யோசிப்பாள். பேங்க் தேர்வும் எழுத வேண்டும். பிள்ளை ஒத்துக்கொண்டாள், முகம் மட்டும் சரியில்லை.

டெனர் தாத்தா:
சென்னைக்கு அனுப்ப வீடியோ எடுக்க வேண்டுமே. எங்கள் சபை ஹாலில் பியானோ இருக்கிறது, சுருதி சேர்த்தது. வாசிக்க ஆளும் நான் பிடித்துத் தருகிறேன்.

வேளிமலை:
சபைக் கோவிலுக்குள் எடுக்காதீர்கள் தாத்தா, எதிரொலி குரலை மூடிவிடும், தேர்வாளர்கள் சந்தேகப்படுவார்கள். ஹால்தான் சரி. ரிவெர்ப், அதாவது செயற்கை எதிரொலி, ஒரு துளி சேர்க்கக் கூடாது. மைக் வாய்க்கு மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும், பாட்டு நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது.

ஸ்பீக்கர் பாக்ஸ்:
மூன்று மீட்டர் தள்ளியா? இத்தனை வருடத் தொழிலில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சரி, நல்ல கண்டென்சர் மைக் இரண்டு இருக்கிறது, வாடகை வேண்டாம். சனிக்கிழமை மதியம் வருகிறேன். பாடும்போது ஃபேனை மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள்.